ஒரே விசை, வேறு வேறு வேலை: ஒரு ஃபிளெக்ஸ் கடையில் ஃபோட்டோஷாப் ஷார்ட்கட்டுகளால் வந்த அச்சுப் பிழைகள் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் தமிழகத்தின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் கடை இது. ஃபிளெக்ஸ், அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்கிறார்கள். மூன்று டிசைனர்கள், மூன்று கணினிகள். ஃபிளெக்ஸ் அச்சு இயந்திரம் அதே கட்டடத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. மூவரும் ஃபோட்டோஷாப்பில் கை தேர்ந்தவர்கள். லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும் தனித்தனி அடுக்கு) நகலெடுக்க கன்ட்ரோல்+ஜே, குழுவாக்க கன்ட்ரோல்+ஜி, கீழ்மேலாக நகர்த்த கன்ட்ரோலுடன் [ அல்லது ] என்று எதற்கும் மெனுவைத் தேடாமல் வேலை ஓடும். ஆகவே இது ஷார்ட்கட் தெரியாதவர்களின் கதை அல்ல. விரல் வேகமாக ஓடுபவர்களிடம்தான் இந்தப் பிழைகள் வரும்.

தமிழ் தட்டும் முறை மட்டும் ஆளுக்கு ஒன்று. மூத்த டிசைனர் பாமினி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, ஆங்கில விசைப்பலகையிலேயே நேரடியாக அடிப்பார். இரண்டாமவர் தட்டச்சு மென்பொருள் ஒன்றின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை முறையில் யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அடிப்பார். இளையவர் விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, இடது ஆல்ட்+ஷிஃப்ட் அழுத்தி மொழி மாற்றிக்கொள்வார். மேட்டர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் யூனிகோடாக வரும். அதைப் பாமினிக்கு மாற்றி ஒட்டுவதும் உண்டு.

மென்பொருளும் ஒரே பதிப்பு அல்ல. மூத்தவர் கணினியில் 2012இல் வந்த சிஎஸ்6. மற்ற இரண்டிலும் 2019க்குப் பிந்தைய சந்தா பதிப்புகள். வேலை நெருக்கடியில் யாரும் யார் கணினியிலும் உட்காருவார்கள்.

கவனத்துக்கு வந்த நிகழ்வு

காதணி விழா ஒன்றுக்கு 10 அடிக்கு 8 அடி ஃபிளெக்ஸ். கோப்பு 72 டிபிஐயில் (அங்குலத்துக்கு 72 புள்ளி) முழு அளவு: 8640 பிக்சல் அகலம், 6912 பிக்சல் உயரம். மஞ்சள் பின்னணி, மேலே சிவப்பில் தலைப்பு, கீழே 'இவண்' என்று தொடங்கி உறவினர் பெயர்களும் தொலைபேசி எண்ணும். பெயர்ப் பகுதி முழுவதும் ஒரே குழுவுக்குள் இருந்தது. சிவப்பு எழுத்து, சுற்றி வெள்ளை ஸ்ட்ரோக் (ஓரக்கோடு).

ப்ரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் மாதிரி) அனுப்பிய பிறகு வாடிக்கையாளர் தொலைபேசி எண்ணை மாற்றச் சொன்னார். தமிழ்99 டிசைனர் மாற்றி, ஜேபெக் எடுத்து மீண்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எண் சரியாக இருந்ததால் ஒப்புதல் வந்தது. அச்சாகிக் கட்டிய பிறகுதான் புகார்: தலைப்புச் சிவப்பு பளிச்சென்று இருக்கிறது, பெயர்கள் மட்டும் வெளுத்துப் போய் ஆரஞ்சாகத் தெரிகின்றன.

முதல் சந்தேகம் இயந்திரத்தின் மேல். மெஜந்தா மை குறைந்திருக்கலாம், ஹெட் அடைத்திருக்கலாம் என்று நாசில் டெஸ்ட் (மைத் துளைகளைச் சோதிக்கும் கோடுகளின் அச்சு) எடுத்துப் பார்த்தார்கள். கோடுகள் எல்லாம் முழுமையாக வந்தன. அதற்கு முன்பே ஒரு துப்பு கண்முன் இருந்தது: ஒரே பலகையில், ஒரே சிவப்பு, மேலே சரியாகவும் கீழே வெளுத்தும் வருகிறதென்றால் மையில் கோளாறு தேட வேண்டியதில்லை, கோப்பைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

கோப்பைத் திறந்து பெயர் லேயர்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கினார்கள். எல்லாவற்றிலும் ஒப்பாசிட்டி (லேயர் எவ்வளவு அடர்த்தியாகத் தெரியும் என்ற சதவீதம்) 100. கோப்பில் பிழை இல்லை என்றே முடிவு கட்டும் நிலைக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் குழுவின் பெயரைச் சொடுக்கியபோதுதான் தெரிந்தது: குழுவின் ஒப்பாசிட்டி 76. உள்ளே இருக்கும் லேயர்கள் தங்கள் எண்ணை மட்டுமே காட்டும், மேலே இருக்கும் குழு மங்கியிருப்பதைக் காட்டாது.

76 என்பது புதிய தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள்.

நடந்தது இதுதான். டிசைனர் லேயர் பேனலில் அந்தக் குழுவைச் சொடுக்கிவிட்டு, எழுத்து திறந்திருக்கிறது, அதாவது தட்டுவது வரிக்குள் விழும் நிலையில் இருக்கிறது, என்ற நினைப்பில் எண்ணை அடித்தார். எழுத்து திறக்கவில்லை. பிரஷ் போன்ற வண்ணம் தீட்டும் டூல் கையில் இல்லாதபோது எண் விசைகள் தேர்வில் உள்ள லேயரின் ஒப்பாசிட்டியை மாற்றும்: 4 அடித்தால் 40, வேகமாக 4, 5 அடித்தால் 45, ஒற்றை 0 அடித்தால் 100. பத்து இலக்கமும் இணை இணையாக உள்ளே போய், கடைசி இணை நிலைத்துவிட்டது. திரையில் எண் மாறாததைப் பார்த்தவர் எழுத்துக் கருவியால் சொடுக்கி மறுபடி அடித்தார். இந்த முறை எண் மாறியது. முதலில் அடித்தது எங்கே போனது என்று அவர் யோசிக்கவில்லை.

திரையில் ஏன் தெரியவில்லை என்பதற்குக் கணக்கே விடை சொல்லும். எழுத்தின் சிவப்பு ஆர்ஜிபியில் 200, 0, 0. பின்னணி மஞ்சள் 255, 221, 0. சிவப்பு 76 சதவீதமாகக் குறைந்து, மீதி 24 சதவீதம் மஞ்சள் கலந்தால் கிடைப்பது 213, 53, 0. வெள்ளை ஸ்ட்ரோக் 255, 247, 194 என்ற பாலேட்டு நிறமாகும். ஒட்டுமொத்தப் பலகையையும் கைபேசித் திரையில் சுருக்கிப் பார்க்கும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லை. 80 சதுர அடியில், வெயிலில், தலைப்புக்குக் கீழேயே நிற்கும்போது உடனே தெரியும்.

முதல் முடிவும் அது பலிக்காததும்

கடை உரிமையாளர் பலகையை மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். 'சரியான ஷார்ட்கட் தெரியாததால் வந்த வினை' என்று எண்ணி, ஃபோட்டோஷாப் ஷார்ட்கட் அட்டவணை ஒன்றை ஏ3 தாளில் அடித்து மூன்று மேசைக்கும் மேலே ஒட்டினார். முடிவு தவறானது என்றாலும் காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. பிழையைப் பார்த்தவர் அறிவுக் குறை என்று எடுத்துக்கொண்டார். ஆனால் எண் விசை ஒப்பாசிட்டியை மாற்றும் என்பது அந்த டிசைனருக்கு நன்றாகவே தெரியும். தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறார். அவருக்குத் தெரியாமல் போனது அந்த நொடியில் எழுத்து திறந்திருக்கிறதா இல்லையா என்பது.

அட்டவணை ஒட்டிய பிறகும் வேறு வேறு உருவில் பிழை வந்தது. ஒரு குழந்தையின் படம் திடீரென நிறம் மாறியிருந்தது. இளையவர் கணினியில் 'எழுத்து காணாமல் போகிறது' என்று அடிக்கடி குரல் கேட்டது. மூத்தவர் 'ஃபாண்ட் கெட்டுப்போச்சு' என்று பாமினியை நீக்கி மீண்டும் நிறுவிப் பார்த்தார். மூன்றும் தனித்தனிக் கோளாறுகளாகவே பேசப்பட்டன.

பதிவேட்டை இயக்கியது

இந்தக் கட்டத்தில் எடுத்த முடிவு பயனுள்ளது. ஃபோட்டோஷாப்பில் என்ன செய்தோம் என்பதை ஹிஸ்டரி பேனல் காட்டும். ஆனால் கோப்பை மூடியதும் அது போய்விடும். சிஎஸ்6இல் இயல்பாக 20 படிகள், புதிய பதிப்புகளில் 50 படிகள் மட்டுமே நிற்கும். எழுத்தை அம்பு விசையால் கொஞ்சம் நகர்த்தினாலே அந்த இடம் நிறைந்துவிடும். அதனால் பிரிஃபரன்ஸஸ் பகுதியில் ஹிஸ்டரி லாக் வசதியை இயக்கி, தனி உரைக் கோப்பாகச் சேமிக்கச் சொல்லி, விவர அளவை 'டீடெயில்ட்' என்று வைத்தார்கள். மூன்று கணினியிலும் அன்றாட வேலை நடக்க, பதிவு பின்னால் சேர்ந்துகொண்டே வந்தது.

உரைக் கோப்பில் தேட வேண்டிய சொற்கள் சில மட்டுமே. 'மாஸ்டர் ஒப்பாசிட்டி சேஞ்ச்' என்று இருந்தால் லேயரின் மங்கல் மாறியிருக்கிறது. 'பிளெண்டிங் சேஞ்ச்' என்றால் கலப்பு முறை, அதாவது ஒரு லேயர் கீழே உள்ளவற்றோடு கலக்கும் விதம், மாறியிருக்கிறது. 'ஆட்டோ டோன்', 'டீசாச்சுரேட்' என்றால் படத்தின் நிறத்தில் கை பட்டிருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் நேரே டிசைனரைக் கூப்பிட்டு, 'இதை நீங்கள் வேண்டுமென்று செய்தீர்களா?' என்று மட்டும் கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்த இடங்களைக் குறித்தார்கள். யார் செய்தது என்று தேடாமல் எந்த விசை செய்தது என்று தேடியதால் மூவரும் மறைக்காமல் சொன்னார்கள்.

பதிவேடு காட்டியவை

குழந்தையின் படத்துக்குக் காரணம் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எல். எழுத்து திறந்திருக்கும்போது இது பத்தியை இடப்பக்கம் ஒழுங்குபடுத்தும். எழுத்து மூடியிருந்து, படத்தின் லேயர் தேர்வில் இருந்தால் இதே விசை ஆட்டோ டோன். படத்தின் நிழலும் வெளிச்சமும் ஒவ்வொரு நிறத் தடத்திலும் தனித்தனியாக இழுக்கப்பட்டு, தோல் நிறம் மாறிவிடும். இதே இரட்டை வேடம் இன்னும் சில விசைகளுக்கும் உண்டு. கன்ட்ரோல்+ஷிஃப்ட்+யு எழுத்துக்குள் அடிக்கோடு, வெளியே படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் டீசாச்சுரேட். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி உள்ளே செயற்கைத் தடிமன், வெளியே ஆட்டோ கலர். கன்ட்ரோல்+டி (T) உள்ளே கேரக்டர் பேனலைத் திறக்கும், வெளியே அளவு மாற்றும் ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம். கறுப்பு வெள்ளையானால் யாரும் உடனே பார்த்துவிடுவார்கள். ஆட்டோ டோன்தான் நுணுக்கமாக ஏமாற்றும், ஏனென்றால் சில படங்களில் அது நன்றாகவே இருக்கும்.

'காணாமல் போகும் எழுத்து' இன்னும் சுவையான சிக்கல். இளையவர் மொழி மாற்ற இடது ஆல்ட்+ஷிஃப்ட் அழுத்துவார். உடனே எழுத்துக் கருவியை எடுக்க டி (T) அழுத்துவார். விரல் வேகத்தில் ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் விடுபடுவதற்கு முன்பே டி விழுந்துவிடும். ஃபோட்டோஷாப்பில் ஆல்ட்+ஷிஃப்ட் அழுத்தி ஓர் எழுத்தைத் தட்டினால் லேயரின் கலப்பு முறை மாறும்: என் என்றால் நார்மல், எம் என்றால் மல்டிப்ளை, எஸ் என்றால் ஸ்கிரீன். டி என்றால் சாச்சுரேஷன். சாச்சுரேஷன் முறையில் ஒரு லேயர் தன் நிறத்தையோ வெளிச்சத்தையோ கொடுக்காது, நிறச் செறிவை மட்டும் கீழே உள்ள லேயருக்குக் கொடுக்கும். வெள்ளைப் பின்னணியில் அப்படிப்பட்ட எழுத்து முழுவதும் மறைந்துவிடும். செறிவான மஞ்சளிலும் அடர்ந்த சிவப்பு எழுத்து ஏறக்குறைய மறையும். லேயர் பேனலில் கண் குறி இருக்கும், ஒப்பாசிட்டி 100 இருக்கும், திரையில் எழுத்து இருக்காது. இளையவர் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அதே வரியைப் புதிய லேயரில் மறுபடி அடித்துவிடுவார். பழையது அடியில் தங்கும். பிறகு யாராவது பின்னணிக்குப் படம் ஒன்றைப் போட்டால் அந்தப் பழைய வரி படத்தின் மேல் நிழலாக எட்டிப் பார்க்கும். இரண்டு அழைப்பிதழ்க் கோப்புகளில் இப்படி மறைந்து கிடந்த லேயர்கள் கண்டெடுக்கப்பட்டன.

மூத்தவரின் 'ஃபாண்ட் கெட்டுப்போச்சு' பிரச்சினை பாமினிக்கே உரியது. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. சிறிய எம் அடித்தால் அ, பெரிய எம் அடித்தால் ஆ. சிறிய கே என்றால் ம, பெரிய கே என்றால் மு. ஆங்கிலக் கடைப் பெயர் ஒன்றைப் பெரிய எழுத்தில் காட்ட கன்ட்ரோல்+ஷிஃப்ட்+கே அழுத்தியிருக்கிறார். எழுத்துக்குள் இது ஆல் கேப்ஸ். எழுத்துக் கருவி கடைசியாக வைத்த அமைப்பை அடுத்த லேயருக்கும் எடுத்துச் செல்லும். அடுத்து பாமினியில் அடித்த வரியிலும் சிறிய எழுத்துகள் எல்லாம் பெரிய எழுத்துகளாக மாறின. 'அம்மன்' என்று அடித்தால் 'ஆமுமுனு' போல, நடுவில் புள்ளிகள் தொங்க வந்தது. எழுத்துருவை நீக்கி நிறுவினாலும் இது சரியாகாது, ஏனென்றால் கோளாறு எழுத்துருவில் இல்லை. அந்த வரியைத் தேர்ந்து அதே விசையை மறுபடி அழுத்தினாலே போதும். அல்லது கேரக்டர் பேனலின் மெனுவில் ரீசெட் கேரக்டர் கொடுத்தால் மற்ற மறைந்த அமைப்புகளும் சேர்ந்து துடைபடும்.

எழுத்து இடைவெளியிலும் பாமினியில் ஓர் எச்சரிக்கை தேவைப்பட்டது. ஆல்ட்+வலது அம்பு தேர்ந்தெடுத்த வரியின் இடைவெளியை எம் அளவின் (எழுத்தின் அளவுக்குச் சமமான அகலம்) ஆயிரத்தில் 20 பங்கு கூட்டும். பாமினியில் 'கொ' என்பது மூன்று தனித் துண்டுகள். இடைவெளி கூடக் கூட ஒற்றைக்கொம்பும் காலும் 'க'வை விட்டு விலகி, எழுத்தே உடைந்துபோகும்.

பதிப்பு வேறுபாட்டால் வந்தவை இரண்டு. சிஎஸ்6இல் ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் அளவு மாற்றும்போது விகிதம் காக்க ஷிஃப்ட் பிடிக்க வேண்டும். 2019 பதிப்பிலிருந்து விகிதம் தானாகவே காக்கப்படும், ஷிஃப்ட் பிடித்தால் விகிதம் உடையும். மூத்தவர் புதிய கணினியில் உட்கார்ந்தால் பழக்கத்தில் ஷிஃப்ட் பிடிப்பார், எழுத்து சப்பையாகவோ நெட்டையாகவோ போகும். அதேபோல கன்ட்ரோல்+இசட் சிஎஸ்6இல் கடைசிப் படியை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டும், புதியதில் படிப்படியாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். 'முன்பின் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக' இரண்டு முறை தட்டியவர் இரண்டு படி இழந்திருப்பார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பொதுக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு விசை என்ன செய்யும் என்பதை மூன்று நிலைகள் தீர்மானிக்கின்றன: எழுத்து திறந்திருக்கிறதா, கையில் எந்த டூல், விசைப்பலகை எந்த மொழியில். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு முதல் இரண்டோடு போயிற்று. தமிழில் வேலை செய்பவருக்கு மூன்றாவதும் கூடுகிறது. எனவே புதிய ஷார்ட்கட் கற்பிப்பதை விட்டுவிட்டு, இந்த நிலைகளைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வது என்று முடிவானது.

முதல் விதி, எழுத்தை மூடும் வரிசை. தமிழ் தட்டச்சை அணைப்பது, கன்ட்ரோல்+என்டர், பிறகு வி. இந்த வரிசை மாறக் கூடாது. கன்ட்ரோல்+என்டர் எழுத்தை உறுதி செய்து மூடும். வி நகர்த்தும் கருவியை எடுக்கும். ஆனால் இங்கே வி ஒரு சோதனையாகவும் பயன்படுகிறது. கருவிப் பட்டியில் நகர்த்தும் கருவி ஒளிர்ந்தால் எழுத்து மூடியிருக்கிறது, விசைப்பலகையும் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எழுத்து மூடவில்லை என்றால் வரியின் முடிவில் ஓர் எழுத்து முளைக்கும்: பாமினியில் 'எ', தமிழ்99இல் 'வ'. எழுத்து மூடியிருந்து, தட்டச்சு மென்பொருள் மட்டும் இயங்கிக்கொண்டிருந்தால் கருவி மாறாமல் அப்படியே நிற்கும். மூன்று விளைவும் மூன்று விதமாகக் கண்ணில் படுவதால்தான் இந்த விசை தேர்ந்தெடுக்கப்பட்டது.

திறப்பதற்கும் ஒரே வழி: லேயர் பேனலில் டி சின்னத்தை இருமுறை சொடுக்குவது. அது எழுத்துக் கருவியை எடுத்து, வரி முழுவதையும் தேர்ந்து, திறந்தும் கொடுக்கும். வரி முழுதும் தேர்வு நிறத்தில் மாறிய பிறகே விசையைத் தொட வேண்டும். குழுவின் பெயரைச் சொடுக்கினால் எழுத்து எதுவும் திறக்காது.

மொழி மாற்றும் விசை ஃபோட்டோஷாப்பின் பாதையிலிருந்து அகற்றப்பட்டது. விண்டோஸில் மேம்பட்ட விசைப்பலகை அமைப்புக்குள் போய், மொழிப் பட்டை விருப்பங்களில், ஆல்ட்+ஷிஃப்ட், கன்ட்ரோல்+ஷிஃப்ட் இரண்டையும் 'ஒதுக்கவில்லை' என்று வைத்தார்கள். விண்டோஸ் விசை+ஸ்பேஸ் எப்போதும் வேலை செய்யும், ஃபோட்டோஷாப்போடு மோதாது. தமிழ்99 டிசைனரின் மென்பொருளுக்கு எஃப்11 கொடுத்தார்கள். முதலில் எஃப்12 பேசப்பட்டது. ஃபோட்டோஷாப்பில் அது ரிவர்ட், அதாவது கடைசியாகச் சேமித்த நிலைக்குக் கோப்பைத் திருப்பும் விசை. மென்பொருள் ஒருநாள் இயங்காமல் இருந்து, அதே விசையைத் தட்டினால் அரை மணி நேர வேலை போகும். எஃப்11இல் ஃபோட்டோஷாப் இயல்பாக எதையும் வைக்கவில்லை.

அடுத்தது ஷார்ட்கட் தொகுப்பைத் திருத்துவது. கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+கே அழுத்தினால் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பெட்டி திறக்கும். அதில் கடைக்கென்று புதிய தொகுப்பு உண்டாக்கி, இமேஜ் மெனுவில் ஆட்டோ டோன், ஆட்டோ கலர், டீசாச்சுரேட் மூன்றின் விசைகளையும் நீக்கினார்கள். தேவைப்படும்போது மெனுவில் போய் எடுக்கலாம், தவறிப்போய் நடக்காது. லேயர் மெனுவில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+இ, அதாவது தெரியும் லேயர்கள் அனைத்தையும் ஒன்றாக்குவதும் நீக்கப்பட்டது. ஒன்றாக்கிச் சேமித்த கோப்பில் அடுத்த வருடம் தேதி மாற்றக்கூட எழுத்து மிஞ்சாது. அதற்குப் பதில் கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+இ இருக்கட்டும் என்றார்கள். அது லேயர்களைத் தொடாமல், மேலே ஒரு நகலை மட்டும் ஒன்றாக்கித் தரும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஐ, தேர்வைத் தலைகீழாக்குவது, படம் வெட்டுபவர்களுக்கு நாள் முழுதும் வேண்டும் என்பதால் தொடவில்லை. தொகுப்பு கேஒய்எஸ் கோப்பாகச் சேமிக்கப்பட்டு, புதிய பதிப்பு உள்ள இரண்டு கணினிக்கும் ஒன்றே போடப்பட்டது. சிஎஸ்6இல் அதே மாற்றங்கள் கையால் செய்யப்பட்டன.

புதிய பதிப்புகளில் பழைய நடத்தையைத் திருப்பித் தரும் லெகசி ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம், லெகசி அண்டு இரண்டும் இயக்கப்பட்டன. புதிய முறை சிறந்தது என்று இளையவர் வாதிட்டார். தனியாக உட்காருபவருக்கு அது உண்மையும்கூட. ஆனால் ஒரே கடையில் ஒரே விரல் மூன்று மேசையில் வேலை செய்யும்போது எல்லா இடத்திலும் ஒரே நடத்தை இருப்பதுதான் முக்கியம் என்று முடிவானது.

படங்களை ஒட்டாமல், பிளேஸ் கட்டளையால் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (மூலப் படத்தை மாறாமல் உள்ளே காக்கும் லேயர்) வைக்க ஆரம்பித்தார்கள். ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் மேல் ஆட்டோ டோனும் டீசாச்சுரேட்டும் வேலை செய்யாது. கோப்பின் எடை கூடும் என்பது உண்மை, கொடுக்க வேண்டிய விலை. முடிந்த எழுத்தைக் கன்ட்ரோல்+/ அழுத்திப் பூட்டுவதும் சேர்க்கப்பட்டது. முழுப் பூட்டு போட்ட லேயரின் ஒப்பாசிட்டியை எண் விசை தொட முடியாது. சிஎஸ்6இல் லேயர் பேனலின் பூட்டுச் சின்னத்தைச் சொடுக்க வேண்டும்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு சரிபார்ப்பு. லேயர் பேனலின் வடிகட்டியில் டி சின்னத்தை அழுத்தினால் எழுத்து லேயர்கள் மட்டும் தெரியும். அவற்றைப் பூட்டுத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்து, வி, 0, ஷிஃப்ட்+0, ஆல்ட்+ஷிஃப்ட்+என். ஒப்பாசிட்டி 100, ஃபில் (ஸ்ட்ரோக்கைத் தொடாமல் எழுத்தின் நிறத்தை மட்டும் மங்கலாக்கும் எண்) 100, கலப்பு முறை நார்மல். பிறகு வடிகட்டியை எடுத்துவிட்டு, குழுக்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கி ஒப்பாசிட்டியைப் பார்ப்பது. இது வேண்டுமென்றே மங்கலாக்கிய எழுத்தையும் நிமிர்த்திவிடும். ஆகவே பின்னணியில் நிழலாக வைக்கும் 'ஓம்' போன்றவற்றை லேயர் வண்ணக் குறியில் ஊதா கொடுத்துத் தனியே வைத்து, சரிபார்ப்பின்போது விட்டுவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டார்கள்.

பின்னர் நடந்தது

பதிவேடு அடுத்த முகூர்த்தக் காலம் முழுவதும் ஓடியது. தவறிப்போய் நடந்த பிளெண்டிங் சேஞ்ச் இளையவர் கணினியில் நின்றேவிட்டது. அங்கே பழக்கத்தை மாற்றாமல் விசையையே அகற்றியதால் இது எதிர்பார்த்ததுதான். ஆட்டோ டோனும் அப்படியே. ஒப்பாசிட்டி மட்டும் முழுதாக நிற்கவில்லை. எண்ணை எழுத்து திறக்காமல் அடிப்பது பழையபடி அவ்வப்போது நடந்தது, ஆனால் பெரும்பாலும் பூட்டிய லேயரில் பட்டு ஒன்றும் ஆகாமல் போனது. பூட்டாத குழு ஒன்றில் பட்டது அச்சுக்கு முந்தைய சரிபார்ப்பில் சிக்கியது.

மூத்தவர் மூடும் வரிசையை ஏற்கச் சிரமப்பட்டார். பாமினியில் அடிப்பவருக்கு மொழி மாற்றும் தேவையே இல்லாததால் முதல் படி அவருக்கு வீண். அவருக்குக் கன்ட்ரோல்+என்டர், வி என்ற இரண்டு படி மட்டும் என்று மாற்றிய பிறகு பழகிக்கொண்டார். வரி முடிவில் 'எ' முளைத்ததை அவரே கண்டுபிடித்து நீக்கிய கோப்புகளும் உண்டு. முன்பு அந்த 'எ' அச்சுவரை போயிருக்கும்.

எதிர்பாராத ஒரு தடங்கலும் வந்தது. ஒரு கணினியில் மென்பொருள் முடங்கியதால், திறக்கும்போது கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட் பிடித்து பிரிஃபரன்ஸஸை மீட்டமைத்தார்கள். லெகசி அமைப்புகளும் ஹிஸ்டரி லாகும் போய்விட்டன. எழுத்து ஒன்று சப்பையாக வந்தபோதுதான் இது தெரிந்தது. கேஒய்எஸ் கோப்பு தனியே இருந்ததால் ஷார்ட்கட் தொகுப்பைத் திருப்பி ஏற்றுவது எளிதாக முடிந்தது.

மாற்ற வேண்டியவை

ஹிஸ்டரி லாகை முதல் புகார் வந்த அன்றே இயக்கியிருக்க வேண்டும். அது இல்லாததால் மூன்று விதக் கோளாறும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பது தாமதமாகவே புலப்பட்டது. இயக்கி வைப்பதால் வேகம் குறைந்ததாக யாரும் உணரவில்லை. உரைக் கோப்பு பெரிதானால் அவ்வப்போது வேறிடத்துக்கு நகர்த்திவிடலாம்.

ப்ரூஃப் அனுப்பும் முறையும் மாற வேண்டும். முழுப் பலகையையும் ஒரே ஜேபெக்காக அனுப்பினால் வாடிக்கையாளர் எண்ணையும் பெயரையும் மட்டுமே வாசிப்பார். மாற்றிய பகுதியை 100 சதவீதப் பெருக்கத்தில் வெட்டி, தலைப்பின் ஒரு துண்டையும் பக்கத்தில் வைத்து அனுப்பினால் நிற வேறுபாடு பக்கத்துப் பக்கமாகத் தெரியும். காதணி விழாப் பலகையில் இப்படிச் செய்திருந்தால் 213, 53, 0 என்ற ஆரஞ்சு, 200, 0, 0 என்ற சிவப்பின் பக்கத்தில் நின்று தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

குழுக்களுக்கும் பூட்டு போடும் பழக்கம் இன்னும் வரவில்லை. எழுத்தைப் பூட்டுகிறார்கள், அதைத் தாங்கும் குழுவைத் திறந்தே விடுகிறார்கள். முதல் பிழை நடந்ததே குழுவில்தான் என்பதால் மூடும் வரிசைக்குப் பிறகு குழுவைச் சொடுக்கி கன்ட்ரோல்+/ அழுத்துவதையும் சேர்க்க வேண்டும். குழுவைப் பூட்டினால் உள்ளே இருப்பதைத் திருத்த ஒவ்வொரு முறையும் பூட்டுத் திறக்க வேண்டியிருக்கும் என்று இரண்டாமவர் தயங்குகிறார். கடைசி நேரத்தில் எண் மாற்றும் வேலை அவருக்குத்தான் அதிகம். அழைப்பிதழ்களில் விட்டுவிட்டு, ஃபிளெக்ஸ் கோப்புகளில் மட்டும் முதலில் இதைச் செய்து பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது.